பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு: மூன்று நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வெள்ளி இரவு

நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டது. தாம்பரம் தாண்டும்வரை எதிர் இருக்கைக் குடும்பத்தார் புளியோதரைப் பொட்டலங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது விளக்குகளை அணைத்துவிட்டு உறங்கப் போய்விட்டதால், செல்பேசியின் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நாளை காலை திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்து அம்பாசமுத்திரம் போய்ச் சேர வேண்டும். 1986-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய எங்கள் ‘ஆ’ பிரிவு மாணவர்கள் 39 ஆண்டுகளுக்குப் பிறகு நாளையும் நாளை மறுநாளும் கூடுகிறோம்.

இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பில் 42 பேர் இருந்தோம். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எங்கள் சொந்தப் பெயர்கள் புழங்கியதில்லை. அச்சு, கஞ்சி, தண்டவாளம், மாதவி, உடும்பு, சாமியார் என்று சொன்னால்தான் எங்களுக்கே முகம் நினைவுக்கு வரும்.

பையில் மாற்றுடைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருக்கிறது. பெயர் ‘பொருநை’. முழுநீளத் தாளில் 48 பக்கம், ஒரே பிரதி. அந்த ஆண்டு எங்கள் இலக்கிய மன்றம் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே காரியம் அதுதான். ஆசிரியர் பொறுப்பு என்னுடையது. 48 பக்கங்களையும் எழுதியவன் அச்சு. அவன் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஆண்டு விழாவில் கண்ணாடி மேசைக்குள் காட்சிக்கு வைத்திருந்ததை, நூலகத்தில் சேர்க்கும் முன் ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். திருப்பித் தரவே இல்லை.

நான் சொல்ல வந்த தவறு அதுவன்று. 17-ஆம் பக்கத்தில் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பற்றிய ஒரு கட்டுரை இருக்கிறது. அதன் அடியில் என் பெயர் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. சாமியார் எழுதினான். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களை, பெயர் எழுதாமல், ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பேசாமல் இருப்பதால்தான் அவன் சாமியார். படியெடுக்க உட்கார்ந்த அச்சு, “பேரு யாருதுல?” என்று கேட்டபோது, ஒரு நொடிகூடத் தயங்காமல் என் பெயரைச் சொன்னேன். பத்திரிகையின் பிற பக்கங்களில் என் பெயர் ஏற்கெனவே நான்கு இடங்களில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள், சனி

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பாதை, எங்கள் பள்ளிக் காலத்தில் கரி எஞ்சின் ஓடிய மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது, 2012-இல்தான் அகலப்பாதையானது. பெட்டிகள் மாறிவிட்டாலும் ஊர்களின் வரிசை மாறவில்லை. சேரன்மகாதேவி வந்ததும் வாழைத் தோட்டங்கள் தொடங்கின. அடுத்தது காருகுறிச்சி. நாகசுர வித்துவான் அருணாசலம் பிறந்து வளர்ந்த அந்த ஊரிலிருந்து எங்கள் வகுப்புக்கு இரண்டு பேர் ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் சங்கீதத்தில் பொட்டு ஞானம் கிடையாது. அது போதாதென்று, ஊர்ப் பெயரைக் கேட்டதுமே ஒவ்வோர் ஆண்டும் இருவரையும் கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்திவிடுவார்கள். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று கடந்து, தாமிரபரணிப் பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது, மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது.

நிலையத்தில் தண்டவாளம் காத்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தாலும், நிற்கும்போது ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறுகாலைச் சாய்த்து வைக்கும் அந்த நிலையைக் கண்டதும், இருபதடி தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளியில் மணி என்பது தாழ்வாரத்து உத்தரத்திலிருந்து தொங்கிய ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் பணியாளருக்கு முழங்கால் வலி வந்து எழுந்து நடக்க முடியாமல் போன ஆண்டில், அந்த வேலை ஒன்பதாம் வகுப்பிலிருந்த இவனிடம் வந்தது. பணியாளர் குணமாகித் திரும்பிய பிறகும் இவன் அதை விட்டுக்கொடுக்கவில்லை. இவனிடம் கைக்கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு பாடவேளை முடியும் தறுவாயிலும் அனுமதி கேட்டு எழுந்து போய், தலைமையாசிரியர் அறைச் சாளரத்தின் வழியே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரும்புக் கம்பியைக் கையில் எடுப்பான். ஒருநாள் பிற்பகல் அந்தக் கடிகாரம் சாவி கொடுக்காமல் நின்றுபோக, அதை அறியாத இவன் போய்ப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்து உட்கார்ந்தான். கணக்குப் பாடம் முடிவே இல்லாமல் நீண்டது. கடைசியில் செங்கோட்டை வண்டியின் ஊதல் கேட்ட பிறகுதான் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பள்ளி முழுவதற்கும் புரிந்தது. இன்று அவன் கையில் ஒரு நவீனக் கடிகாரம் இருந்தது. பேச்சு நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பள்ளியில் 26 பேர் கூடினோம். வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவை முடிந்து, வேப்பமரத்தடியில் வாழையிலைகளை விரித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகே உண்மையான கூட்டம் தொடங்கியது.

முதலில் பேச்சு கஞ்சியைப் பற்றி வந்தது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தபோது, எங்கள் பள்ளியின் பின்கட்டில் புதிதாக ஓர் அடுப்படி முளைத்தது. அதுவரை மதிய வேளையில் தண்ணீர்க் குழாயடியே கதி என்று நின்ற பத்துப் பன்னிரண்டு பேர், அன்றிலிருந்து தட்டோடு வரிசையில் நின்றார்கள். கஞ்சியும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஆனால் அவன் கையில் தட்டைத் தவிர ஒரு தூக்குவாளியும் இருக்கும். சோற்றை வடித்த கஞ்சியைச் சமையல் ஆயாவிடம் கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கொண்டுபோய், என்.சி.சி. காக்கி உடுப்புக்குப் போடுவான். அவன் வீட்டில் தேய்ப்புப்பெட்டி இல்லை; பித்தளைச் செம்புக்குள் தணல் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவான். அணிவகுப்பில் அவனுடைய கால்சட்டை, அவன் நின்ற பிறகும் நிற்காமல் ஆடும் என்று கேலி செய்வோம். அணிவகுப்பு முடிந்ததும் தரும் பூரியை, உடுப்பில் எண்ணெய் பட்டுவிடும் என்று, கையை முன்னால் நீட்டிக் குனிந்தபடியே தின்பான். இன்றும் சாம்பார் சாதத்தை அதேபோலக் குனிந்துதான் தின்றான். “பழக்கம், போகமாட்டேங்கு” என்றான். அவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரின் பின்னால் இருந்த வறுமை அன்று எங்களுக்கு உறைக்கவில்லை, அவனுக்கு உறைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பான்.

மாதவி வந்திருந்தான். வாரக் கடைசிப் பாடவேளையில் நடக்கும் இலக்கிய மன்றத்தில், கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தலைப்பில் பேசாத பள்ளி இருக்க முடியாது. கண்ணகி அணிக்கு நீ, நான் என்று போட்டி. மாதவி பக்கம் பேச ஆளில்லாமல், தமிழாசிரியர் கடைசி இருக்கையில் இருந்த ஒருவனைக் கைகாட்டி எழுப்பிவிட்டார். முதல் இரண்டு நிமிடம் தடுமாறினான். பிறகு, கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்டு, மகள் மணிமேகலையையும் கணிகையர் வாழ்வுக்குத் தர மறுத்த ஒரு பெண்ணை, பிறந்த குலத்தை மட்டும் வைத்து எடைபோட நீங்கள் யார் என்று கேட்கத் தொடங்கினான். கேட்டுக்கொண்டே இருந்தவனுக்குத் தொண்டை அடைத்து, கண்ணீர் வந்துவிட்டது. எதிரணியில் முதல் பேச்சாளனாக இருந்த நான், ஆயத்தம் செய்து வைத்திருந்த மறுப்புரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நடுவர் தீர்ப்பு கண்ணகிக்குத்தான் போனது. ஆனால் அவனுக்கு அன்று மாதவி என்று விழுந்த பெயர் அழியவில்லை. அவ்வளவு பேசியவன் இப்போது கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறான். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கட்டு அப்பளம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாலை வரை பத்து வாக்கியம்கூடப் பேசவில்லை.

அச்சுவிடம் ‘பொருநை’யைக் கொடுத்தேன். பள்ளி முடிந்ததும் அவன் விளம்பரப் பலகை எழுதும் தொழிலுக்குப் போனான். அம்பை, பாபநாசம் கடைவீதிகளில் பல ஆண்டுகள் அவன் எழுத்துத்தான். ஃபிளெக்ஸ் வந்து தூரிகைக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தபோது அவனும் ஓர் அச்சு எந்திரத்தைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டான். 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஆற்றோரத்தில் இருந்த அவன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பழைய நோட்டுகள், சான்றிதழ்கள், வரைந்து வைத்திருந்த படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. பத்திரிகையை வாங்கியவன் எதையும் படிக்கவில்லை. பக்கங்களைத் திருப்பி, ‘ழ’ வரும் இடங்களில் மட்டும் விரலை வைத்து, அந்தச் சுழியை மேலிருந்து கீழாக வருடிக்கொண்டே போனான். “அப்பவே ‘ழ’ சரியா வந்திருக்குடே” என்று அவன் சொன்ன பிறகுதான், எங்களில் யாருக்குமே எழுத்தின் அழகு இத்தனை நேரம் கண்ணில் படவில்லை, அவரவர் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு விளங்கியது.

யாரோ வகுப்புக் குழுப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் உடும்பு நிற்கிறான். கபடியில் அவன் கையில் கணுக்கால் அகப்பட்டால் விடுபட முடியாது. ஆனால் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளி அவன் சட்டைப் பையைத்தான் பற்றி இழுப்பான் என்பதால், அவன் அம்மா கைக்குக் கிடைத்த துணியில் புதுப்பை வைத்துத் தைத்துக்கொண்டே இருப்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அவன் பை, சட்டையைவிட ஓரிழை கறுத்துத் தெரிகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான்.

அவன் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து இன்னொரு முகம் இருக்கிறது. அது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் கேட்ட வருகைப் பதிவு வரிசையைத் தண்டவாளம் ஒப்பிக்க, அச்சு தாளில் எழுதினான். இருமுறை எண்ணினோம். 41 பெயர்கள்தான் வந்தன.

சாமியார் இன்று வரவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்கு வந்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எழுத நினைக்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், ஞாயிறு

பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி வாங்கி மீன்களுக்குப் போட்டோம். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். எங்கள் வகுப்புச் சுற்றுலா என்றாலே இந்த இடந்தான். வேறெங்கும் அழைத்துப் போக வாடகை வண்டிக்குப் பணம் சேர்ந்ததில்லை.

அறிவியல் சார் தம்முடைய மகனுடன் காரில் வந்தார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. எங்களைப் பெயர் சொல்லி அழைக்க அவரால் இயலவில்லை. ஆனால் யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அப்படியே சொன்னார். படத்தில் பாதி மறைந்த முகத்தைக் காட்டியபோது கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “இடக்கையால எழுதுவான். பொங்கலுக்குப் பொறவு வந்து சேர்ந்தான், அவங்க அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் போயிட்டான்” என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. தாளில் 42-ஆவது எண்ணுக்கு நேரே அச்சு ‘இடக்கை’ என்று எழுதிக்கொண்டான்.

பேச்சு இயல்பாகவே வால்நட்சத்திரத்துக்கு வந்தது. 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதை விட்டுவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று சொல்லி, 1986 மார்ச் இரண்டாம் வாரத்தில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில், பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்களை விடியலுக்கு முன் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனவர் இவர். மலை மேற்கே இருந்ததால் தென்கிழக்கு வானம் தடையின்றித் திறந்திருந்தது. மாக்கோலத்தைத் துணியால் துடைத்ததுபோல் ஒரு மங்கலான தீற்று, அவ்வளவுதான். பாதிப் பேர் அதைக் காணவில்லை, கண்டதாகச் சொன்னார்கள். சார் கையிலிருந்த குச்சியை நீட்டி, “சூரியன் எங்கே உதிக்கும்? வால் எந்தப் பக்கம் இருக்கு?” என்று ஒவ்வொருவனாகக் கேட்டார். சூரிய ஒளியும் சூரியக் காற்றும் தள்ளுவதால், வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும் என்பதை அங்கேயே விளக்கினார். அதே வாரத்தில் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவுக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அருகே பறந்து படமெடுத்தது; காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசித்தபோது, நாங்கள் பார்த்ததைத்தான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

சாமியார் பதினொரு மணிக்கு மேல், பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தான். பழைய மெலிவு இல்லை. பழைய அமைதி இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு புன்னகை செய்துவிட்டுப் படித்துறையின் ஓரத்தில் உட்கார்ந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகையை 17-ஆம் பக்கத்தில் விரித்து அவன் மடியில் வைத்தேன். ரயிலில் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் எவையும் உதவவில்லை.

“இது நீ எழுதினது. நான் என் பேரைப் போட்டுக்கிட்டேன்.”

“தெரியும்லா” என்றான்.

ஆண்டு விழா அன்றே கண்ணாடி மேசைக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டானாம். ஒரு வாரம் என்மீது தாங்க முடியாத கோபம். வகுப்பில் என்னைப் பார்த்தாலே எரிச்சல். பத்து நாட்களுக்கு மேல் என்னோடு பேசவில்லை என்றான். அவன் எப்போதும் பேசாதவன் என்பதால் அது எனக்குத் தெரியாமலே போயிற்று.

“பொறவு சார் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனாருல்லா. வாலைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிட்டு. நான் தப்பால்லா எழுதியிருக்கேன். நல்லவேளை, அவன் பேருல்லா இருக்குன்னு நினைச்சேன்.”

அப்போதுதான் அந்தப் பக்கத்தை நான் உண்மையாகவே படித்தேன். ‘சூரியனைத் தேடி நீளும் இதன் வால்’ என்று இரண்டாம் பத்தி தொடங்குகிறது. பக்கத்தில் அச்சு வரைந்த படம்: கீழே உதிக்கும் சூரியன், அதை நோக்கி, பெருக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் தொங்கும் வால். என் பெயரோடு 39 ஆண்டுகள் என் அலமாரியில் இருந்த கட்டுரை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எத்தனையோ முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட வால் எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் சிரிப்பதைக் கண்டு சார் அருகே வரச் சொன்னார். பத்திரிகையைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“யாருல இதை எழுதினது?”

நான் சாமியாரைப் பார்த்தேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான்தான் சார்” என்றேன். பெயரைப் போட்டுக்கொண்டவன் அதற்கும் பொறுப்பேற்கத்தானே வேண்டும்.

“வீட்டுக்குக் கொண்டு போறேன். முழுசும் பாத்துட்டுத் தாரேன்” என்று, அந்தக் காலத்தில் பயிற்சி நோட்டுக் கட்டை இடுக்கிக்கொள்வதுபோலவே, பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். பார்த்து முடித்ததும் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிடும்படி அவருடைய மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

இரவு வண்டிக்குத் திருநெல்வேலி நிலையத்தில் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். பையில் பத்திரிகை இருந்த இடத்தில் மாதவி கொடுத்த அப்பளக் கட்டு இருக்கிறது. நொறுங்காமல் சென்னை போய்ச் சேர வேண்டும் என்பதால் அதை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.